சந்தா இல்லாத டிஷ்: கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு என்ன வாங்குவது, எங்கே வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதச் சந்தா இல்லாத டிஷ் பற்றி திருப்பாதிரிப்புலியூரில் கேட்கும் சந்தேகத்தையே பாகூரிலும் கேட்கிறார்கள், முத்தியால்பேட்டையிலும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைத்துவிட்டேன். எளிய கேள்விகள் முதலில், தலையைச் சொறிய வைப்பவை பின்னால். டிஷ்ஷோடு மாட்டும் செட்டாப் பெட்டி எந்தப் பிராண்டு என்பதில்தான் எல்லாரும் மயங்குகிறார்கள். என் கவலை முழுவதும் மொட்டை மாடியில் வெயிலும் உப்புக்காற்றும் தின்னும் பொருட்களைப் பற்றியது. அந்தச் சாய்வு பதில்களில் தெரியும்.

உண்மையிலேயே இலவசமா, பிறகு ஏதாவது கட்டச் சொல்வார்களா?

இலவசம்தான். பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் தொடங்கியது. மாதக் கட்டணம், ரீசார்ஜ், ஆண்டுக் கட்டணம் எதுவும் கிடையாது. டிஷ், எல்.என்.பி. (டிஷ் குவிக்கும் அலையைப் பிடித்துக் கேபிளில் அனுப்பும் சிறு கருவி), கேபிள், செட்டாப் பாக்ஸ் ஆகியவற்றை ஒருமுறை வாங்கிப் பொருத்தும் செலவு மட்டும் உங்களுடையது. அது சுமார் 2000 ரூபாய். கீழே நான் சொல்லும் சில பொருட்களைத் தேர்ந்தெடுத்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்.

"உங்கள் ஃப்ரீ டிஷ் காலாவதியாகிறது, பணம் கட்டுங்கள்" என்று யாராவது போனில் அழைத்தால் அது ஏமாற்று. கட்டணமே இல்லாத ஒன்று காலாவதி ஆகாது.

அம்மா பார்க்கும் சீரியல் எல்லாம் வருமா?

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பலர் வாங்கிய பிறகு கேட்கிறார்கள். கட்டணச் சேனல்கள் இதில் வராது. தமிழுக்கு டிடி தமிழ் வரும். பொதிகையாக இருந்து 2024 ஜனவரியில் பெயர் மாறியது இதுதான். தூர்தர்ஷனின் மற்ற மொழிச் சேனல்கள், செய்திச் சேனல்கள், ஆகாசவாணி வானொலிகள், மாணவர்களுக்கான பி.எம். ஈ-வித்யா சேனல்கள் ஆகியவையும் வரும். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருகின்றன. அவற்றில் பெரும்பங்கு இந்தி.

ஆகவே இரவு எட்டு மணித் தொடருக்காக மட்டும் தொலைக்காட்சி ஓடும் வீடு என்றால் கேபிளை வெட்டிவிட்டு இதை மாட்டாதீர்கள், வீட்டில் சண்டை வரும். இரண்டாவது தொலைக்காட்சிக்கும், செய்தியும் விளையாட்டும் பழைய பாட்டும் போதும் என்பவர்களுக்கும், பூட்டியே கிடந்து பொங்கலுக்கு மட்டும் திறக்கும் ஊர் வீட்டுக்கும் இது பொருத்தம்.

மாடியில் பழைய அலுமினிய ஆண்டெனா இருக்கிறதே, அதில் வராதா?

வராது. அந்த ஆண்டெனா தரைக் கோபுரத்திலிருந்து வரும் ஒளிபரப்புக்கானது. தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் தரைவழி நிலையங்களை ஏறக்குறைய முழுவதுமாக மூடிவிட்டது. குழாய் நல்ல நிலையில் இருந்தால் துணி காயப்போடக் கொடி கட்டலாம். டிஷ்ஷுக்குக் கம்பமாக்க வேண்டாம், அந்தக் குழாய் காற்றில் வளையும்.

மொத்தம் என்னென்ன வாங்க வேண்டும்?

டிஷ் தட்டும் அதன் கிளாம்பும். தட்டிலிருந்து முன்னால் நீளும் முன்கையில் உட்காரும் எல்.என்.பி. ஆர்.ஜி.6 கேபிள். இரு முனைக்கும் எஃப் கனெக்டர். செட்டாப் பாக்ஸ். தரையிலோ சுவரிலோ பிடிக்க ஆங்கர் போல்ட். கடைக்காரர் 'கம்ப்ளீட் செட்' என்று ஒரே அட்டைப்பெட்டியில் கொடுப்பதில் பெட்டி ஓரளவு நன்றாகவே இருக்கும். தட்டின் கனத்திலும் கேபிளிலும்தான் கை வைத்திருப்பார்கள். தனித்தனியாக வாங்குவது நல்லது.

என்ன அளவு டிஷ்? 60 செ.மீ. போதும் என்கிறார்களே?

வானம் தெளிவாக இருக்கும் நாளில் 60 போதும். நமக்குச் சிக்கல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. இந்த ஒளிபரப்பு வருவது கே.யு. (Ku) பேண்டு என்ற உயர் அலைவரிசையில். அந்த அலைகளைக் கனமழை விழுங்கிவிடும். தட்டு பெரிதானால் மழைக்கு விட்டுக்கொடுக்கும் இருப்பு கூடும். 60-க்கும் 75-க்கும் பரப்பளவில் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல் வித்தியாசம். 90 என்றால் 60-ஐப்போல் இரண்டேகால் மடங்கு.

என் பரிந்துரை 75. லேசான மழையிலும் நடுத்தர மழையிலும் படம் நிற்கும். 90 வாங்கினால் இன்னும் நல்லதுதான், ஆனால் காற்றுக்கும் அதே இரண்டேகால் மடங்கு பரப்பைக் கொடுக்கிறீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் இந்தக் கரையைக் கடந்ததையும், 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்ததையும் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கொட்டித் தீர்க்கும் மழையில் 90-உம் அணைந்துதான் போகும். அந்த நேரத்தில் புயல் செய்தி கேட்க பேட்டரி போட்ட டிரான்சிஸ்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

நல்ல தட்டு என்று கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது?

தட்டைக் கடையின் சமமான தரையில் கவிழ்த்து வையுங்கள். இந்த வகை டிஷ்ஷின் விளிம்பு முழுவதும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஓரத்தை விரலால் அழுத்தும்போது மறுபக்கம் தூக்கி ஆடினால் தட்டு முறுக்கிக்கொண்டது என்று பொருள், வேறு எடுங்கள். லாரியில் மேலே மூட்டை ஏற்றி வந்த தட்டுகளில் இதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். முறுக்கிய தட்டு என்ன திருப்பினாலும் முழு அளவுக்கு வேலை செய்யாது.

பிறகு பின்பக்கம் பாருங்கள். முன்னால் பளபளவென்று பெயிண்ட் அடித்து, போல்ட் துளைகளின் ஓரத்தைப் பச்சை இரும்பாக விட்டிருப்பார்கள். தேவனாம்பட்டினம், வீராம்பட்டினம் போன்ற கரையோர வீடுகளில் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அந்த ஓரங்களுக்கு மாட்டும் முன்பே ரெட் ஆக்சைடு தொட்டுவையுங்கள். நட்டும் போல்ட்டும் துத்தநாகம் பூசியதாகவோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியோடு வரும் மஞ்சள் நிற நட்டுகள் இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு ஸ்பேனருக்கு அசையாது.

எல்.என்.பி.யில் என்ன பார்க்க வேண்டும்? 0.1 டிபி என்று போட்டிருப்பதுதான் சிறந்ததா?

எல்.என்.பி. தானே சேர்க்கும் இரைச்சலின் அளவு அது. அட்டையில் அச்சிட்ட அந்த எண்ணை நம்பி அதிகப் பணம் கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 'யுனிவர்சல்' என்றும், அலைவரிசை எண் 9750 / 10600 என்றும் இருக்க வேண்டும். முகத்தில் உள்ள பிளாஸ்டிக் மூடி கெட்டியாக இருக்கிறதா, கனெக்டர் வரும் இடத்துக்கு மேல் மழை மறைக்கும் உறை இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்.என்.பி. சாவது பெரும்பாலும் அந்த மூடியால்தான். வெயிலில் வெடிக்கும், காகம் கொத்தும், உள்ளே ஈரம் இறங்கும். பகலில் நன்றாக வந்து விடியற்காலையில் மட்டும் படம் உடைகிறது என்றால் முதலில் மூடியைப் பாருங்கள்.

கேபிளில் என்ன இருக்கிறது, எல்லாம் ஒயர்தானே?

இந்த ஒரு நினைப்பால்தான் பாதிப் புகார்கள். கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன மெல்லிய பழைய கேபிளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 75 ஓம் ஆர்.ஜி.6 தேவை. இந்தக் கேபிள் படத்தைக் கீழே கொண்டுவருவதோடு எல்.என்.பி.க்கு மின்சாரத்தையும் மேலே கொண்டுபோகிறது. ஆகவே நடுக்கம்பி நல்ல செம்பாக இருந்தால் நீளமான ஓட்டத்துக்கு உதவும். முப்பது மீட்டருக்குள் முடிந்தால் கவலையில்லை.

திருகி மாட்டும் மலிவு கனெக்டரை விட, கருவியால் அழுத்தி இறுக்கும் வகை உப்புக்காற்றைத் தாங்கும். வெளியே உள்ள இணைப்பின் மேல் சாதாரண கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்றினால் ஒரே கோடையில் பசை வழிந்து பிரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் கேட்டு வாங்குங்கள். எல்.என்.பி.யிலிருந்து இறங்கும் கேபிளும் சன்னல் வழியாக உள்ளே நுழையும் கேபிளும் நுழைவதற்கு முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். மழைநீர் அந்த வளைவில் சொட்டிப்போகும், கனெக்டருக்குள் போகாது.

பெட்டி எது வாங்குவது? எஸ்.டி. மலிவாக இருக்கிறதே?

எம்பெக்-4 வரும் எச்.டி. பெட்டியையே வாங்குங்கள். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-2, எம்பெக்-4 என்று இரு வகையிலும் சேனல்கள் உண்டு. எம்பெக்-2 மட்டும் தெரிந்த பழைய பெட்டி மற்றதைக் காட்டாது. 'பக்கத்து வீட்டில் வரும் சேனல் எங்கள் வீட்டில் வரவில்லை' என்ற புகாருக்குப் பாதி நேரம் இதுதான் காரணம்.

இன்னொன்று, அடாப்டர் வெளியே தனியாக வரும் 12 வோல்ட் பெட்டி நல்லது. மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது முதலில் போவது மின்சாரப் பகுதிதான். அது வெளியே இருந்தால் அடாப்டரை மாற்றினால் வேலை முடிந்தது.

எங்கள் வீட்டில் அரசு கொடுத்த பழைய கலர் டிவிதான். அதற்கு எச்.டி. பெட்டி ஒத்துவருமா?

வரும். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு கொடுத்த அந்தத் தொலைக்காட்சிகள் கடலூர் மாவட்டத்தில் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன. பெட்டியின் பின்னால் எச்.டி.எம்.ஐ.யோடு மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. துளைகளும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சில பெட்டிகளில் மூன்று துளைக்குப் பதில் ஒரே சிறிய துளை இருக்கும், அதற்கான ஒயரும் அட்டைப்பெட்டிக்குள் இருக்க வேண்டும். படம் எச்.டி. தரத்தில் தெரியாது, சேனல் எல்லாம் தெரியும்.

புது டிவியிலேயே சாட்டிலைட் டியூனர் இருக்கிறதாம், பெட்டியே வேண்டாமா?

பின்பக்கம் 'எல்.என்.பி. இன்' அல்லது 'சாட்டிலைட்' என்று எழுதிய திருகு முனை இருந்தால் பெட்டி இல்லாமலே பார்க்கலாம். வெறும் ஆண்டெனா முனை வேறு, அதில் மாட்டி எந்தப் பயனும் இல்லை. உள்ளேயே சாட்டிலைட் டியூனர் வைத்த தொலைக்காட்சிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 18112 : 2022 என்று தனித் தரமே வகுத்திருக்கிறது.

மெனுவில் எல்.என்.பி. பவர் 'ஆன்' என்று இருக்க வேண்டும். ஒரே குறை, இடி இறங்கினால் கேபிள் வழியாக அடிபடுவது ஆயிரம் ரூபாய்ப் பெட்டி அல்ல, தொலைக்காட்சியே. இடி முழங்கும்போது கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவது? யூடியூபில் பார்த்துச் செய்தேன், வரவில்லை.

நீங்கள் பார்த்த காணொளி பெரும்பாலும் வட இந்தியாவில் எடுத்தது. ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் உள்ள ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. டெல்லியிலிருந்து பார்த்தால் அது தெற்கிலிருந்து சுமார் 31 டிகிரி கிழக்கே, 52 டிகிரி உயரத்தில் இருக்கிறது. கடலூரிலும் புதுச்சேரியிலும் அது வடக்கிலிருந்து வலமாக எண்ணினால் 130 டிகிரியில், அதாவது தென்கிழக்கில் ஒரு முடி கிழக்கே தள்ளி, ஏறத்தாழ 69 டிகிரி உயரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட தலைக்கு மேல். அவர்களுடைய டிஷ்ஷை விட நம்முடையது நன்றாக மல்லாந்து இருக்க வேண்டும்.

மல்லாந்து என்றதும் தட்டையே 69 டிகிரிக்குச் சாய்த்துவிடாதீர்கள். எல்.என்.பி. நடுவில் இல்லாமல் கீழ்ப்பக்கம் தள்ளி இருக்கும் இந்த வகை டிஷ், தன் முகம் பார்ப்பதை விட சுமார் 25 டிகிரி மேலே உள்ளதைப் பிடிக்கும். ஆகவே கண்ணுக்குத் தட்டு 45 டிகிரி அளவுக்குத்தான் சாய்ந்து தெரியும். கிளாம்பில் டிகிரி கோடு போட்டிருந்தால் அது பெரும்பாலும் இந்தக் கழிவைச் சேர்த்தே போட்டது, 69-இல் வைத்துத் தொடங்குங்கள். சில மலிவுக் கிளாம்புகள் அவ்வளவு தூரம் சாயாமல் இடித்து நிற்கும், கடையிலேயே ஆட்டிப் பாருங்கள்.

கைப்பேசித் திசைகாட்டியைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்புச் சட்டத்துக்கும், தலை நீட்டி நிற்கும் கம்பிகளுக்கும் அருகில் வைத்துப் பார்க்காதீர்கள், பொய் சொல்லும். எல்லாவற்றுக்கும் முன் கம்பம் நேராக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டோ ரசமட்டமோ வைத்துப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் இந்த எண்கள் எதுவும் உதவாது.

திசையும் உயரமும் சரி, பெட்டியின் மெனுவில் தரம் (குவாலிட்டி) மட்டும் 30-ஐத் தாண்டவில்லை. ஏன்?

எல்.என்.பி.யைத் திருகவில்லை. பலருக்கு அதைத் திருக வேண்டும் என்பதே தெரியாது. செயற்கைக்கோள் நமக்கு நேர் தெற்கில் இல்லாததால் அதன் அலைகள் சாய்ந்து வருகின்றன. வடக்கே போகப் போக அந்தச் சாய்வு குறையும், டெல்லிக்குச் சுமார் 27 டிகிரி. நமக்குக் கணக்குப்படி 48. எல்.என்.பி.யை நேராக விட்டுவிட்டால் செங்குத்து அலையும் கிடை அலையும் பாதிக்குப் பாதி கலந்து உள்ளே வரும். இதைவிட மோசமான நிலை இல்லை.

டிஷ்ஷுக்கு எதிரே நின்று அதைப் பாருங்கள். கேபிள் மாட்டும் முனை கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தை நோக்கி இருந்தால் அதை ஏழரை மணிப் பக்கம் கொண்டுவாருங்கள். அங்கிருந்து இப்படியும் அப்படியும் ஒவ்வொரு நூலாகத் திருகி, தரம் உச்சத்துக்கு வரும் இடத்தில் இறுக்குங்கள். கீழே ஒருவர் திரையைப் பார்த்துச் சத்தமாக எண்ணைச் சொல்ல வேண்டும். எண் மாறப் பெட்டி ஓரிரு விநாடி எடுத்துக்கொள்ளும், அவசரப்படாதீர்கள்.

ஸ்ட்ரெங்த் 90 காட்டுகிறது, குவாலிட்டி பூஜ்யம். பெட்டி பழுதா?

பழுதில்லை. ஸ்ட்ரெங்த் என்பது எல்.என்.பி. உயிரோடு இருக்கிறது, கேபிள் ஓடுகிறது என்று மட்டும் சொல்கிறது. டிஷ்ஷைச் சுவரைப் பார்க்கத் திருப்பினாலும் அது காட்டும். நீங்கள் துரத்த வேண்டியது குவாலிட்டியை மட்டும். ஸ்ட்ரெங்தும் பூஜ்யம் என்றால் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். வெளிப்பின்னலின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

தென்னை மரம் மறைக்கிறது, வெட்டச் சொல்கிறார் மெக்கானிக்.

அளந்து பார்க்காமல் வெட்டாதீர்கள். 69 டிகிரி உயரம் என்றால், மரம் டிஷ்ஷை விட எவ்வளவு உயரமோ அதை 2.6-ஆல் வகுங்கள். அந்தத் தூரத்துக்குள் நின்றால்தான் மறைக்கும். டிஷ்ஷை விட 10 மீட்டர் உயர்ந்த தென்னை தென்கிழக்கில் 4 மீட்டருக்குள் இருந்தால் தொல்லை. மட்டை விரியும் அகலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் காற்றில் மட்டை ஆட ஆடப் படம் விட்டு விட்டு வரும். பெரும்பாலும் டிஷ்ஷை மாடியின் மறுமூலைக்கு நகர்த்தினாலே போதும்.

உறுதியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. மார்ச் நடுவில் காலை பதினொன்றேகால் மணி வாக்கிலும், செப்டம்பர் கடைசியில் பதினொரு மணி வாக்கிலும் நம் ஊரில் சூரியன் சரியாக இந்தச் செயற்கைக்கோளின் திசையில் வந்து நிற்கும். அப்போது மாடியில் வெயில் விழும் இடமெல்லாம் டிஷ் வைக்க ஏற்றது, நிழல் விழும் இடம் ஆகாது. அதே நாட்களில் அதே நேரம் சில நிமிடம் படம் போய்த் திரும்பி வரும். சூரியனின் இரைச்சல் ஒளிபரப்பை மூழ்கடிப்பதால் வருவது அது. எதையும் தொடாதீர்கள், தானே சரியாகும்.

அடுக்குமாடி, பால்கனி மட்டும்தான் இருக்கிறது. வைக்கலாமா?

தென்கிழக்குப் பார்த்த பால்கனியாக இருந்தாலும் கடினம். செயற்கைக்கோள் அவ்வளவு உயரத்தில் இருப்பதால் மேல்தள பால்கனியின் கான்கிரீட் தட்டு மறைத்துவிடும். கைப்பிடிச் சுவருக்கு வெளியே டிஷ்ஷை நீட்டி வைத்தால் வரும், ஆனால் கீழே நடப்பவர் தலைக்கு நான் பொறுப்பேற்க மாட்டேன். குடியிருப்போர் சங்கத்தில் பேசி மொட்டை மாடியில் ஓர் இடம் வாங்குங்கள்.

வாடகை வீடு. மாடியில் துளை போடக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர்.

அவர் சொல்வது நியாயம். ஓடு பதித்த தளத்தில் நான்கு ஆங்கர் போல்ட் இறக்கினால் ஐப்பசி மழைக்குக் கீழே ஒழுகும், சொந்த வீட்டிலும் தளத்தில் துளை போடாதீர்கள். படிக்கட்டு மேல் அறையின் சுவர் சரியான இடம். அதுவும் முடியாவிட்டால் மூன்றடிக்கு மூன்றடி இரும்புச் சட்டம் ஒன்று வெல்டிங் பட்டறையில் செய்து, நடுவில் குழாய் நிறுத்தி, மேலே ஹாலோ பிளாக் கற்களை அடுக்குங்கள். சட்டத்துக்கு அடியில் ரப்பர் துண்டு வையுங்கள். இந்த முறைக்கு 60 அல்லது 75 செ.மீ. டிஷ் மட்டும். பெரியதைக் காற்று கல்லோடு தள்ளும்.

புயல் எச்சரிக்கை வந்தால் என்ன செய்ய வேண்டும்?

தட்டைக் கழற்றி உள்ளே வைத்துவிடுங்கள். அதற்கு முன் கம்பத்திலும் கிளாம்பிலும் கோணத்திலும் எல்.என்.பி. கழுத்திலும் நகப்பூச்சால் சேர்த்து ஒரு கோடு இழுத்துவிடுங்கள். திரும்ப மாட்டும்போது கோட்டோடு கோடு சேர்த்தால் வேலை முடிந்தது, மெக்கானிக்கைத் தேட வேண்டாம். புயல் முடிந்த வாரத்தில் மெக்கானிக் கிடைக்கவும் மாட்டார். காற்று ஏறிய பிறகு மாடிக்குப் போய்க் கழற்றும் வீரம் வேண்டாம்.

பழைய டி.டி.எச். டிஷ் சும்மா கிடக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? ஞாயிறு சந்தையிலும் மலிவாகக் கிடைக்கிறது.

தட்டு உங்களுடையதாக இருந்து, மேலே சொன்ன தரைச் சோதனையில் தேறினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். திசையை மாற்ற வேண்டும், ஏனெனில் அந்தந்த நிறுவனத்தின் செயற்கைக்கோள் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். எல்.என்.பி.யும் கேபிளும் புதிதாக இருக்கட்டும். நிறுவனத்தின் பெட்டி மட்டும் உதவாது, ஃப்ரீ டிஷ்ஷுக்குத் தனிப் பெட்டி தேவை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எடுப்பதானால் முன்கையையும் சேர்த்து எடுங்கள். ஒரு தட்டுக்கு இன்னொரு தட்டின் கை பொருந்தினாலும் எல்.என்.பி. சரியான புள்ளியில் நிற்காது.

குவாலிட்டி 70 வருகிறது, தேடினால் ஒரு சேனலும் இல்லை, அல்லது வேறென்னவோ பூட்டு போட்ட சேனல்கள் வருகின்றன.

பெரும்பாலும் பக்கத்துச் செயற்கைக்கோளைப் பிடித்திருக்கிறீர்கள். 88, 91.5, 93.5, 95 என்று அந்தப் பகுதியில் நெருக்கமாக நிற்கின்றன. கட்டண டி.டி.எச். நிறுவனங்கள் அவற்றில் இருக்கின்றன. ஒன்றரை இரண்டு டிகிரி என்பது டிஷ்ஷின் ஓரத்தில் ஒரு விரல்கடை கூட இல்லை. வந்த சேனல்கள் எந்த நிறுவனத்துடையவை என்று பார்த்தால் நீங்கள் கிழக்கே தவறினீர்களா மேற்கே தவறினீர்களா என்பது தெரிந்துவிடும்.

பெட்டியின் மெனுவில் ஜிசாட்-15 அல்லது பழைய பெயரான இன்சாட்-4பி, 93.5 கிழக்கு என்பதைத் தேர்ந்து, எல்.என்.பி. வகை யுனிவர்சல் என்று வைத்து, அதன் பிறகே டிஷ்ஷை அசையுங்கள். தானியங்கித் தேடலில் டிடி தமிழ் வந்தால் இடம் சரி.

நேற்று வரை வந்த சேனல் இன்று காணோம்.

தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன என்று முன்பே சொன்னேன். ஏல ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்கி மார்ச் 31-இல் முடியும். அந்தச் சமயம் பட்டியல் புரளும், சில அலைவரிசை மாறும். பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தேடுங்கள். அதன் பிறகும் வராவிட்டால் அந்தச் சேனல் இடத்தை விட்டுவிட்டது.

ஒரே டிஷ்ஷில் இரண்டு டிவி பார்க்க முடியுமா?

இரண்டு முனை உள்ள 'ட்வின்' எல்.என்.பி. வாங்கி, தனித்தனிக் கேபிள் இழுத்து, தனித்தனிப் பெட்டி வையுங்கள். ஒரு கேபிளைப் பிரித்து இரண்டு பெட்டிக்குக் கொடுக்கும் வித்தை வேண்டாம். எந்த வகை அலை வேண்டும் என்பதைப் பெட்டி 13, 18 வோல்ட்டாக மேலே அனுப்பித்தான் எல்.என்.பி.க்குச் சொல்கிறது. இரண்டு பெட்டி ஒரே கம்பியில் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றில் படம் போகும்.

ஆறடி டிஷ் வைத்தால் தமிழ்ச் சேனல் நிறைய இலவசமாக வருமாமே?

அது சி பேண்டு, ஃப்ரீ டிஷ்ஷை விடத் தாழ்ந்த அலைவரிசை. 66 டிகிரி கிழக்கில் உள்ள இன்டெல்சாட்-17-இல் தென்னிந்தியச் சேனல்கள் பல ஏறுகின்றன. சில, முக்கியமாகச் செய்திச் சேனல்கள், பூட்டில்லாமல் வரும். கேபிள்காரர்கள் எடுத்துக் கொடுக்க அனுப்பப்படுபவை அவை. பூட்டு போடச் சேனல்காரர்கள் உங்களைக் கேட்க வேண்டியதில்லை. அந்த நிபந்தனையோடு வாங்குங்கள். நம் ஊர் 66-க்கும் 93.5-க்கும் ஏறக்குறைய நடுவில் இருப்பதால் உயரம் அதே 69, திசை மட்டும் தென்கிழக்குக்குப் பதில் தென்மேற்கு.

மழை இதை அவ்வளவாகப் பாதிக்காது. காற்று பாதிக்கும். ஆறடித் தட்டுக்குச் சுவர் கிளாம்பு போதாது, கான்கிரீட் அடித்தளமும் கனமான குழாயும் தேவை. 2022 ஏலத்துக்குப் பிறகு 5ஜி சேவை இதற்குப் பக்கத்து அலைவரிசையில் ஓடுவதால் அருகில் கோபுரம் இருந்தால் படம் சிதறும். 5ஜி வடிகட்டி உள்ள சி பேண்டு எல்.என்.பி.யாகக் கேட்டு வாங்குங்கள். பெட்டியில் எல்.என்.பி. எண்ணை 5150 என்று மாற்ற வேண்டும். இரண்டு டிஷ்ஷையும் ஒரே பெட்டிக்கு இணைக்க டைசெக் சுவிட்ச் என்று சிறிய பொருள் ஒன்று உண்டு, அதை மழைபடாத இடத்தில் மாட்டுங்கள்.

கட்டணச் சேனல் எல்லாம் வாழ்நாள் முழுவதும் இலவசமாகத் திறக்கும் பெட்டி ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

வேண்டாம். யாரோ ஒருவருடைய சந்தா அட்டையின் சாவியை இணையம் வழியாகப் பலருக்குத் திருட்டுத்தனமாகப் பகிர்வதுதான் அதன் உள்விவகாரம். சட்டவிரோதம் என்பது ஒரு புறம். நிறுவனம் பூட்டை மாற்றிய அன்றே பெட்டி வெறும் ஃப்ரீ டிஷ் பெட்டியாகிவிடும், விற்றவர் போனை எடுக்க மாட்டார். 'வாழ்நாள்' என்பது யாருடைய வாழ்நாள் என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.